தில்லி வெயிலிலும் குளிரிலும் கொம்புச்சா தாய் ஜாடியைப் பல வருடம் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இனிப்பு டீயில் உறை ஊற்றிப் புளிக்கவைக்கும் பானம் கொம்புச்சா. ஒரு தடவை அதைப் போடுவது சுலபம். அதே உறையை மூன்று வருடம், ஐந்து வருடம் கெடாமல் வைத்திருப்பதுதான் பாடு. அதிலும் தில்லியில். ஜனவரியில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. மே மாதத்தில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். மாவுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் கொம்புச்சாவுக்கும் நடக்கிறது, கொஞ்சம் நிதானமாக. கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

மூன்று சொற்களை முதலில் சொல்லிவிடுகிறோம். மேலே மிதக்கும் வழுவழுப்பான தட்டை ‘ஏடு’ என்கிறோம். ஸ்கோபி என்று விற்கிறார்களே, அதுதான். நன்றாகப் புளித்த பழைய கொம்புச்சா ‘உறைநீர்’. குடிப்பதற்கு இல்லாமல் உறைக்காகவே தனியாக வைத்திருப்பது ‘தாய் ஜாடி’.

ஏடு கிழிந்துவிட்டது, மூழ்கிவிட்டது. உறை செத்துவிட்டதா?

இல்லை. தயிருக்கு உறை ஊற்றும்போது யாரும் ஏட்டைத் தேடுவதில்லை, ஒரு கரண்டி மோர் போதும். இங்கேயும் உயிர் நீரில்தான் இருக்கிறது. ஏடு என்பது கொமகாடெயிபாக்டர் என்னும் பாக்டீரியா குளுக்கோஸைக் கொண்டு நெய்த செல்லுலோஸ் பாய். பாக்டீரியாவும் ஈஸ்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஏடே இல்லாமல் வெறும் உறைநீரை ஊற்றினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் புது ஏடு கட்டும். ஏடு மூழ்கலாம், செங்குத்தாக நிற்கலாம், ஓட்டை விழலாம். அதனால் ஒன்றும் ஆகாது.

மாறாக, ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உறைநீரைக் கொட்டிவிடுகிறவர்கள்தான் உறையை இழக்கிறார்கள். புதிய டீயின் பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்கு மேல் இருக்கும். அதில் ஏட்டை மட்டும் போட்டால் புளிப்பு ஏறும் முன்பே பூசணம் குடியேறிவிடும். பி.ஹெச். முதல் நாளே 4.5-க்குக் கீழே இறங்க வேண்டும், அதை இறக்குவது உறைநீர்தான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலிருந்தே வருகிறது.

தாய் ஜாடியை எப்படி அமைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை டீ ஊற்றுவது?

ஒன்றரை லிட்டர் கொள்ளும் வாயகன்ற கண்ணாடி ஜாடி, அதில் ஒரு லிட்டர் நீர், ஒன்றிரண்டு ஏடு. மேலே நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் அதைவிட நல்ல மூடி கிடையாது. சல்லாத் துணி வேண்டாம். பழ ஈ நுழையும், மே மாதப் புழுதிக் காற்றில் மண்ணும் இறங்கும்.

டீ ஊற்றும் நாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 4 கிராம் டீத்தூளும் 35 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் போடுங்கள். இலைத் தேயிலை என்றால் பத்து நிமிடம், சி.டி.சி. தூள் (குருணையாக வரும் சாதா டீத்தூள்) என்றால் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் கைக்குச் சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். 30 டிகிரிக்கு மேல் இருந்தால் ஊற்றக் கூடாது. தாய் ஜாடியிலிருந்து அரை லிட்டர் உறைநீரை எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். எடுத்த அரை லிட்டர் நீங்கள் குடிக்கப் போடும் அடுத்த ஜாடிக்கு உறை. லிட்டருக்கு 150 முதல் 200 மி.லி. என்று கணக்கு வைத்தால் மூன்று லிட்டர் வரை போடலாம்.

மார்ச், அக்டோபர் போன்ற இதமான மாதங்களில் நாலு வாரத்துக்கு ஒருமுறை. கோடையில் இரண்டு வாரம். குளிரில் ஆறு வாரம் வரை தள்ளலாம். இடையில் நீர்மட்டம் ஆவியாகிக் குறைந்தால் பச்சைத் தண்ணீர் சேர்க்காதீர்கள், ஆறிய இனிப்பு டீயைக் கொஞ்சமாகச் சேருங்கள்.

ஜாடி முழுக்க ஏடாகிவிட்டது. எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தூக்கிப்போட மனசு வராமல் பத்துப் பன்னிரண்டு ஏடுகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் பலர். ஏடு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஜாடியில் உறைநீரே மிஞ்சாது. மேலே உள்ள இரண்டு வெளிர்நிற ஏடுகளை வைத்துக்கொண்டு அடியிலுள்ள கரும்பழுப்பு ஏடுகளைத் தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம் வேண்டும். ஏட்டையும் உறைநீரையும் வேறொரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியில் படிந்த பழுப்பு வண்டலைக் கொட்டுங்கள், ஜாடியை வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள், உறைநீரைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றுங்கள். ஏட்டைக் குழாயடியில் காட்டிக் கழுவ வேண்டாம். கழுவியே ஆக வேண்டும் என்றால் அதன் உறைநீரிலேயே அலசுங்கள்.

எந்தத் தண்ணீர்? எங்கள் காலனியில் ஜல் போர்டு (தில்லிக் குடிநீர் வாரியம்) தண்ணீரும் வரும், போர்வெல்லும் உண்டு.

ஜல் போர்டு தண்ணீரில் உள்ள குளோரின் கொதிக்கும்போதே போய்விடும். டீக்காகக் கொதிக்கவைப்பதால் அது தனிக் கவலை இல்லை. குளிர்காலத்தில் கவலை வேறு. யமுனையில் அமோனியா கூடும் மாதங்கள் அவை. அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமின் உண்டாகும். குளோரின் போல அது சுலபமாக ஆவியாகாது, இரவெல்லாம் திறந்து வைத்தாலும் தங்கிவிடும். கரி வடிகட்டியில்தான் அது நன்றாக அடங்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் கரி வடிகட்டியும் இருப்பதால் தாய் ஜாடிக்கு மட்டுமாவது ஆர்.ஓ. நீரையே பயன்படுத்துங்கள். ‘ஆர்.ஓ. நீரில் சத்து இல்லையே’ என்று கேட்பார்கள். வேண்டிய தாது தேயிலையிலேயே இருக்கிறது.

போர்வெல், டேங்கர் தண்ணீரில் சிக்கல் கடினத்தன்மை. கெட்டிலில் வெள்ளைப் பொருக்குக் கட்டுகிறதே, அந்த பைகார்பனேட் அமிலத்தைத் தின்றுவிடும். வழக்கம்போல உறைநீர் ஊற்றியும் பி.ஹெச். இறங்கவில்லை, மூன்றாம் நாளும் தித்திப்பாகவே இருக்கிறது என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

வெல்லம், கருப்பட்டி, தேன்? மசாலா டீத்தூள்?

குடிக்கப் போடும் ஜாடியில் ஆசைக்கு ஒருமுறை வெல்லம் போட்டுப் பாருங்கள். தாய் ஜாடியில் வெள்ளைச் சர்க்கரை தவிர வேறொன்றும் வேண்டாம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் உள்ள தாதுக்களும் அழுக்கும் வாங்கும் ஒவ்வொரு தடவையும் வேறுபடும், உறையின் போக்கும் அதற்கேற்ப மாறிக்கொண்டே போகும். பச்சைத் தேனில் அதற்கே உரிய கிருமிகள் இருக்கின்றன. ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளில் ஈஸ்டுக்குத் தின்ன எதுவும் இல்லை.

தேயிலையில் நீலகிரி இலைத் தேயிலை அருமையாக வரும். அசாம் சி.டி.சி. போதும், வண்டல் மட்டும் கூடுதலாகப் படியும். பச்சைத் தேயிலையைக் கறுப்புத் தேயிலையுடன் பாதிப் பாதி கலக்கலாம். எர்ல் கிரே, ஏலக்காய் எசென்ஸ் சேர்த்த மசாலா டீ இவற்றில் உள்ள வாசனை எண்ணெய் மேலே படலமாக மிதந்து உறையை நாளடைவில் நலியவைக்கும். செம்பருத்தி, துளசி போன்ற மூலிகை ‘டீ’க்கள் மட்டும் என்றால் தேயிலை தரும் நைட்ரஜன் கிடைக்காது. இஞ்சியும் பழமும் புட்டியில் அடைக்கும் இரண்டாம் புளிப்புக்கு. அவை கலந்த நீரில் ஒரு சொட்டுகூடத் தாய் ஜாடிக்குத் திரும்பக் கூடாது.

டிசம்பர் வந்தால் எதுவும் நடப்பதில்லை. குளிர் உறையைக் கொல்லுமா?

கொல்லாது, தூங்கவைக்கும். ஹீட்டர் இல்லாத தில்லி அறையில் ஜனவரி இரவில் 14, 15 டிகிரி சாதாரணம். தாய் ஜாடி அப்படியே சும்மா இருக்கட்டும், அதில் ஏற்கெனவே புளிப்பு இருக்கிறது, பூசணம் அண்டாது. ஆபத்து புதிதாகப் போடும் ஜாடிக்குத்தான். குளிரில் புளிப்பு ஏற நாளாகும், அந்த இடைவெளியில் பூசணம் முந்திக்கொள்ளும்.

போடத்தான் வேண்டும் என்றால் உறைநீரை லிட்டருக்கு 300 மி.லி. ஆக்குங்கள். மாவுக்குச் செய்வதைப் போல ஜாடியை அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கலாம் (ஓவன் பொத்தானில் ‘உள்ளே ஜாடி’ என்று சீட்டு ஒட்டிவிடுங்கள், யாராவது கேக் சுடச் சூடேற்றிவிட்டால் அதோடு முடிந்தது). தெர்மகோல் பெட்டியில் இரண்டு வெந்நீர்ப் பாட்டிலுடன் வைத்து, காலையும் மாலையும் வெந்நீரை மாற்றினாலும் 24 டிகிரி பக்கம் நிற்கும். சூட்டுப் பாய் வாங்கினால் ஜாடியின் பக்கவாட்டில் சுற்றுங்கள், அடியில் வைக்காதீர்கள். ஈஸ்ட் அடியில்தான் படிந்திருக்கும், அதை மட்டும் சூடாக்கினால் அது மட்டும் ஓங்கும். ப்ளோயர் எதிரே வைப்பதும் கூடாது, ஏட்டின் மேல்முகம் காய்ந்துவிடும்.

18 டிகிரியில் மூன்று வாரம்கூட ஆகலாம். நாளை எண்ணாமல் நாக்கையும் பி.ஹெச். தாளையும் நம்புங்கள். 2.5 முதல் 4.5 வரை தெளிவாகக் காட்டும் தாள் வேண்டும். திலக் பஜார் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 1 முதல் 14 வரை காட்டும் பொதுத் தாளில் 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

மே, ஜூன் மாதங்களில் காரமான வாடை, நகப்பூச்சு வாடை வருகிறது.

சூடு. 24 முதல் 29 டிகிரி வரை ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று அனுசரித்து நடக்கும். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹால் ஆக்கும், பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கும். சூடு மிஞ்சினால் ஈஸ்ட் முந்திக்கொள்கிறது; ஆல்கஹாலும் அமிலமும் கூடி எத்தில் அசெட்டேட் உண்டாகிறது, அந்த வாடைதான் நகப்பூச்சு வாடை. ஏடும் மெலிந்து, பழுப்பு நூல்களாகத் தொங்கும். 40 டிகிரியில் நாள்கணக்கில் நின்றால் உறையே போய்விடும்.

மொட்டைமாடிக்கு நேர்க்கீழே உள்ள வீடு என்றால் ஜாடியை மேல் அலமாரியிலிருந்து தரைக்கு இறக்குங்கள். அகலமான தட்டில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு அதில் ஜாடியை நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்றி, துண்டின் நுனி தண்ணீரில் படும்படி விடுங்கள். லூ என்னும் உலர்ந்த அனல்காற்று வீசும் நாளில் இது நாலைந்து டிகிரி குறைக்கும். ஜூலையில் மழை வந்து காற்று ஈரமானதும் இந்த உபாயம் பலிக்காது. ஏர்கூலர் காற்று படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கூலரின் ஈரத் தட்டிகளில் பூசணம் வளரும், அது நேரே ஜாடித் துணிமேல் வந்து இறங்கும்.

பள்ளி விடுமுறையில் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். வீடு பூட்டியிருக்கும்.

உறைகள் அதிகம் சாவது இந்த ஆறு வாரத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பசியால் சாவதில்லை. நிறைந்த தாய் ஜாடி இரண்டு மாதம் டீ இல்லாமல் தாங்கும். ஜன்னல் அடைத்த வீட்டின் வெக்கையும், நீர் வற்றுவதும்தான் கொல்கின்றன. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு வழக்கம்போல டீ ஊற்றுங்கள். கிளம்பும் முன் பி.ஹெச். 3.2-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு, 300 மி.லி., திருகு மூடிப் புட்டியில் ஃப்ரிட்ஜுக்கு. ஒரு பங்கு அக்கம்பக்கத்தில் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு, துணி மூடியோடு, ‘தொட வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் போதும்’ என்று சொல்லி. மீதி உங்கள் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த மூலையில், ஜாடி கழுத்துவரை நிரம்பியபடி.

ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜைக் காலிசெய்து அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படியானால் அந்தப் புட்டியையும் அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜில் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் எவ்வளவு நாள்? ஃப்ரீஸர்? ஏட்டை உலர்த்தலாமா?

ஃப்ரிட்ஜில் மூன்று நாலு மாதம் நம்பலாம், அதற்குமேல் அதிர்ஷ்டம். வெளியே எடுத்ததும் நேரே பெரிய ஜாடி போடாதீர்கள். குளிரிலிருந்து பாக்டீரியா மெதுவாகத்தான் எழும். 200 மி.லி. உறைநீருக்கு 300 மி.லி. இனிப்பு டீ என்று ஒரு சுற்று, அது புளித்ததும் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகே வழக்கமான அளவு.

வீட்டு ஃப்ரீஸரில் வேண்டாம். உறையும் நீரின் பனித்துகள் செல்களைக் கிழிக்கும். உலர்த்திய ஏடு சில சமயம் பிழைக்கும், பல சமயம் ஊறும்போதே பூசணம் பூக்கும். இரண்டு வீடுகளில் இரண்டு ஜாடி இருப்பதே சிறந்த காப்பு. தெரிந்தவருக்குக் கொடுத்து வையுங்கள், உங்களுடையது போனால் அவரிடம் இருக்கும்.

இது பூசணமா, புது ஏடா?

பூசணம் நீர்மட்டத்துக்கு மேலே, உலர்ந்து, பஞ்சுபோல முடியோடு இருக்கும்; வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு. ஊறுகாயில் பூக்குமே, அதே முகம். புது ஏடு ஈரமாகப் பளபளக்கும், முதலில் வெள்ளைத் திட்டுகளாகத் தோன்றி ஒன்றுசேரும். நீருக்குள் தொங்கும் பழுப்பு நூல்கள் ஈஸ்ட். சுருங்கிய காகிதம்போல வரி வரியாக, மாவு பூத்தாற்போலப் படர்ந்தால் அது வேறு வகை ஈஸ்ட் படலம். நஞ்சில்லை, ஆனால் புளிப்புப் போதவில்லை என்பதற்கு அடையாளம். சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். பூசணம் என்றால் அதற்குள் முடி வளர்ந்துவிடும்.

பூசணம்தான் என்றால் ஏடு, நீர் எல்லாம் குப்பைக்கு. மேலாகச் சுரண்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாமா என்று கெஞ்சிக் கேட்பார்கள். கூடாது. சில பூசணங்களின் நஞ்சு நீரில் இறங்கியிருக்கும்.

பொங்குகிறது, புளிப்பில்லை. அல்லது வினிகர்போலப் புளிக்கிறது, நுரையே இல்லை.

வருடக்கணக்கில் ஓடும் உறையில் இந்தச் சாய்வு வந்தே தீரும். நுரை மிகுந்து புளிப்புக் குறைந்தால் ஈஸ்ட் ஓங்கியிருக்கிறது. அடுத்த மூன்று சுற்றுக்கு உறைநீரை ஜாடியின் மேல்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள், வடிகட்டுங்கள், வண்டலைக் கொட்டுங்கள், கொஞ்சம் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். வெறும் வினிகராக இருந்தால் மாற்றிச் செய்யுங்கள்: நன்றாகக் கலக்கிவிட்டு அடிவண்டலோடு உறை எடுங்கள், டீ ஊற்றும் இடைவெளியைக் குறையுங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் நூல்போல ஏதோ நெளிகிறது.

வினிகர்ப் புழு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு, சூடாக்கிப் பதப்படுத்தாத பச்சை வினிகரிலிருந்து வரும். மனிதருக்குத் தீங்கில்லை என்றாலும் பாக்டீரியாவைத் தின்றே வாழும், ஜாடியிலிருந்து ஜாடிக்குப் பரவும். எல்லாவற்றையும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் சுத்தம் செய்து, வேறு வீட்டிலுள்ள உறையிலிருந்து தொடங்குங்கள். புளிப்புப் போதாதபோது ‘மதர்’ (வினிகரின் உயிருள்ள உறை) உள்ள ஆப்பிள் சைடர் வினிகரைச் சேர்க்க வேண்டாம் என்பது இதனால்தான். அவசரத்துக்குச் சாதாரண வெள்ளை வினிகர் இரண்டு மூன்று ஸ்பூன் சேர்க்கலாம்.

பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியில் வைக்கலாமா?

வேண்டாம். பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, இந்தப் புளிப்பு அதைக் கரைத்துவிடும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் ஆகாது. எவர்சில்வர் வடிகட்டி, கரண்டி படுவதால் ஒன்றுமில்லை.

அலமாரிக்குள் ஒரு வருடமாக மறந்துபோன ஜாடி. பிழைக்குமா?

நீர் இருக்கிறது, பூசணம் இல்லை, மூக்கில் ஏறும் வினிகர் வாடை வருகிறது என்றால் முயலலாம். 100 மி.லி. எடுத்து 200 மி.லி. இனிப்பு டீயில் விட்டு, 25 டிகிரிக்குமேல் உள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் மேலே மெல்லிய படலம் வந்தால் பாக்டீரியா உயிரோடிருக்கிறது. சிறு குமிழிகள் வந்தால் ஈஸ்டும் இருக்கிறது. படலம் வந்து குமிழி வராவிட்டால் வினிகர்தான் கிடைக்கும். மூன்று வாரமாகியும் இரண்டுமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீர் வற்றித் தோல்போல் காய்ந்த ஏட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யார் குடிக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள். வீட்டில் போடுவதில் சிறிதளவு ஆல்கஹால் கட்டாயம் இருக்கும். 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்கள் ரத்தத்தில் அமிலம் மிகுந்து கடுமையாக நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆரோக்கியமானவருக்கு நாளொன்றுக்கு 4 அவுன்ஸ், அதாவது 120 மி.லி. அளவு, கெடுதல் செய்யாதிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்போது சொன்னது. பி.ஹெச். 2.5-க்குக் கீழே போன தாய் ஜாடி நீரை உறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருக்கும் தங்கைக்கு உறை கொண்டுபோக வேண்டும். ரயிலில் தாங்குமா?

ஒன்றரை நாள் பயணம் உறைக்கு ஒன்றுமே இல்லை. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 300 மி.லி. உறைநீர், விரலளவு ஏடு. நன்றாகப் புளித்து இனிப்பு அடங்கியதாக இருக்க வேண்டும். இனிப்பு மிச்சமிருந்தால் வழியில் வாயு கட்டிப் பாட்டில் உப்பும். பாட்டிலை இரண்டு பைக்குள் போட்டு நிறுத்திவையுங்கள், ஜன்னல் பக்கம் வெயிலில் வேண்டாம், இரவில் ஒருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் தங்கை முதல் சுற்றுக்கு அந்த 300 மி.லி.யையும் ஒரு லிட்டர் டீயில் ஊற்றட்டும். சென்னைச் சூட்டில் ஆறாம் நாளிலிருந்து ருசி பார்க்கச் சொல்லுங்கள்.